மைக்ரோ வினாடிக்கும் மில்லி வினாடிக்கும் நடுவே: ஒரு யுஎஸ்பி ஒன்-வயர் டிரைவர் செய்யும் வேலை

கணினியின் யுஎஸ்பி போர்ட்டில் விரல் நீள அடாப்டர் ஒன்றைச் செருகுகிறோம். அதன் மறுமுனையில் ஒரு நீளமான கேபிள், கேபிள் நெடுக வெப்பநிலை சென்சார்கள். லினக்ஸ் ஓடும் கணினியாக இருந்தால், கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு கோப்பகம் முளைத்துவிடும். உள்ளே இருக்கும் கோப்பைத் திறந்தால் வெப்பநிலை எழுதியிருக்கும். நாம் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. இடையில் உழைத்தது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருக்கும் ஒரு சின்ன டிரைவர்.

டிரைவர் என்றால் வன்பொருளை நேரடியாக இயக்கும் மென்பொருள் என்றுதான் முதலில் படிக்கிறோம். ஆனால் இந்த டிரைவர் சென்சார் கம்பியைத் தொடுவதே இல்லை. தொட நினைத்தாலும் அதனால் முடியாது. அது ஏன் முடியாது, முடியாத வேலையை யாரிடம் ஒப்படைக்கிறது, ஒப்படைத்த பிறகு அதற்கு என்ன வேலை மிச்சமிருக்கிறது என்பதுதான் இங்கே விஷயம்.

அடாப்டருக்குள் இருக்கும் சிப்பின் பெயர் டிஎஸ்2490. அதை உருவாக்கியது டல்லாஸ் செமிகண்டக்டர். அந்த நிறுவனத்தை 2001இல் மேக்ஸிம் வாங்கியது, மேக்ஸிமை 2021இல் அனலாக் டிவைசஸ் வாங்கியது. இந்தச் சிப்பை வைத்து வந்த பிரபலமான அடாப்டர் டிஎஸ்9490ஆர். லினக்ஸ் டிரைவருக்கும் சிப்பின் பெயரேதான். 2004இல் எவ்கேனி பொல்யகோவ் எழுதியது. சி மொழியில் ஆயிரம் வரிக்குச் சற்றுக் கூடக்குறைய இருக்கும், எல்லாம் ஒரே கோப்பில். கெர்னல் டிரைவர் ஒன்றை முதன்முதலாகப் படித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் இதைத்தான் கைகாட்டுவேன். கிராபிக்ஸ் டிரைவரைத் திறந்து தலைசுற்றிப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

முதலில் அந்தக் கம்பி

சென்சார்கள் தொங்கும் அந்தக் கேபிள்தான் ஒன்-வயர் பஸ், அதாவது பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் ஒரே பாதை. அதில் தரவுக்கு ஒரே ஒரு கம்பி. கிரவுண்டுக்கு இன்னொன்று உண்டு, அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தரவுக் கம்பியை ஒரு மின்தடை, வழக்கமாக 4.7 கிலோ ஓம், மேல்நிலை வோல்டேஜுடன் இணைத்து வைத்திருக்கும். யாரும் எதுவும் செய்யாவிட்டால் கம்பி மேல்நிலையில் நிற்கும். பேச விரும்புகிறவர் அதைக் கீழே இழுப்பார். கம்பியில் தொங்கும் எந்தக் கருவியும் கீழே இழுக்கலாம், ஆனால் எதுவும் மேலே தள்ளக் கூடாது. ஆகவே இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் எதுவும் எரிந்துபோகாது. யாராவது ஒருவர் 0 சொன்னால் கம்பியில் தெரிவது 0தான். இந்தக் குணம் பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் கைகொடுக்கும், நினைவில் வையுங்கள்.

கடிகாரத்துக்கெனத் தனிக் கம்பி இல்லை. அப்படியானால் 0, 1 இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? நேரத்தை வைத்துத்தான். மாஸ்டர், அதாவது உரையாடலை நடத்தும் நம் பக்கத்து முனை, கம்பியைச் சட்டென்று இழுத்து 15 மைக்ரோ வினாடிக்குள் விட்டுவிட்டால் அது 1. 60 மைக்ரோ வினாடிக்குக் குறையாமல் பிடித்து வைத்திருந்தால் 0. ஒரு பிட் படிக்க வேண்டுமென்றாலும் மாஸ்டர்தான் கம்பியைக் கணநேரம் இழுத்துவிட்டுக் கவனிக்கும். சென்சார் 0 சொல்ல விரும்பினால், மாஸ்டர் விட்ட பிறகும் தான் பிடித்துக்கொள்ளும். இழுக்கத் தொடங்கியதிலிருந்து 15 மைக்ரோ வினாடிக்குள் மாஸ்டர் பார்த்து முடிவு செய்துவிட வேண்டும். ஆக, 1 எழுதுவதும் ஒரு பிட் படிப்பதும் மாஸ்டரின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரே அசைவு. ஒரு பைட் படிக்க எட்டு முறை 1 எழுதி, கம்பியில் என்ன ஆனது என்று பார்த்தால் போதும். இந்த டிரைவரும் அப்படித்தான் படிக்கிறது: எட்டு பிட்டும் 1 ஆக உள்ள ஒரு பைட்டை எழுதச் சொல்லிவிட்டு, திரும்பி வருவதை எடுத்துக்கொள்கிறது.

எல்லா உரையாடலும் ரீசெட்டில் தொடங்கும். மாஸ்டர் குறைந்தது 480 மைக்ரோ வினாடி கம்பியைக் கீழே பிடித்துவிட்டு விடும். கம்பியில் யாராவது இருந்தால், சற்றுப் பொறுத்துத் தாமும் 60 முதல் 240 மைக்ரோ வினாடி வரை இழுத்து ‘இருக்கிறேன்’ என்று காட்டுவார்கள்.

யுஎஸ்பியின் நேரம் வேறு

கணினி போர்டிலேயே நேரடியாக ஒரு பின் கிடைத்தால் இதையெல்லாம் கெர்னலே செய்துவிடும். அதற்கும் தனி டிரைவர் இருக்கிறது. 1 எழுத 6 மைக்ரோ வினாடி கீழே, 64 மேலே. 0 எழுத 60 கீழே, 10 மேலே என்று பிராசசர் தானே எண்ணிக்கொண்டு காத்திருக்கும். நடுவில் வேறு வேலை குறுக்கிட்டுக் கணக்கைக் கெடுத்துவிடக் கூடாதென்று அந்தச் சில மைக்ரோ வினாடிகளுக்கு இன்டரப்ட்டுகளைக்கூட (பிராசசரை வேறு வேலைக்கு அழைக்கும் குறுக்கீடுகளை) நிறுத்தி வைக்கும்.

யுஎஸ்பி வழியாக அது நடக்காது. டிஎஸ்2490 பேசும் யுஎஸ்பி வேகம் வினாடிக்கு 12 மெகாபிட். கேட்க வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் யுஎஸ்பி தன் போக்குவரத்தை 1 மில்லி வினாடி நீளமுள்ள ஃபிரேம்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு செய்தி எந்த ஃபிரேமில் ஏறும், எத்தனை கருவிகளின் செய்திகளோடு வரிசையில் நிற்கும் என்பதெல்லாம் யுஎஸ்பி கன்ட்ரோலரின் முடிவு. ‘இப்போது இழு, 6 மைக்ரோ வினாடி கழித்து விடு’ என்று அதன் வழியாகச் சொல்ல நினைப்பது, வெளியூரில் பாடிக்கொண்டிருப்பவருக்குத் தபாலில் தாளம் போடுவது மாதிரி. ‘விடு’ என்ற சொல் போய்ச் சேரும்போது பத்துப் பிட் நேரம் கடந்திருக்கும்.

அதனால்தான் சிப் தேவைப்படுகிறது. மைக்ரோ வினாடிக் கணக்கு முழுவதும் டிஎஸ்2490இன் பொறுப்பு. டிரைவர் சொல்வது ‘ரீசெட் செய்’, ‘இந்த பைட்டை எழுது’, ‘இந்தத் தொகுப்பை அனுப்பி, வருவதைச் சேர்த்து வை’ போன்ற முழு வாக்கியங்கள். சிப் அதைத் தன் சொந்தக் கடிகாரத்தில் பிட் பிட்டாக நடத்தி முடித்து, விளைவை வைத்துக்கொண்டு காத்திருக்கும். பேண்ட்விட்த்தில், அதாவது தரவை அள்ளிச் செல்லும் அளவில், யுஎஸ்பி எவ்வளவு தாராளமோ, தாமதப்படுத்துவதிலும் அவ்வளவு தாராளம் என்பது இந்த டிரைவரின் ஒவ்வொரு வளைவிலும் தெரியும்.

செருகியதும் நடப்பது

ஒவ்வொரு யுஎஸ்பி கருவியும் தன்னை இரண்டு எண்களால் அறிமுகப்படுத்திக்கொள்ளும்: தயாரிப்பாளர் எண், பொருள் எண். இந்தச் சிப்பின் தயாரிப்பாளர் எண் ஹெக்ஸில் (16ஐ அடிமானமாகக் கொண்ட எண்முறையில்) 04எஃப்ஏ. பொருள் எண், மறக்கவே வழியில்லாதபடி, 2490. டிரைவருக்குள் இந்த இரண்டு எண்களையும் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரே ஒரு வரிப் பட்டியல். செருகிய கருவியின் எண்கள் இதோடு பொருந்தினால் கெர்னல் அந்த டிரைவர் மாட்யூலை (தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் நிரல் துண்டை) ஏற்றி, கருவியைத் தயார்செய்யும் ப்ரோப் செயற்கூற்றை அழைக்கும். படிக்கத் தொடங்குகிறவர்கள் கோப்பின் முதல் வரியிலிருந்து தொடங்காமல் இந்தச் செயற்கூற்றிலிருந்து தொடங்குவது நல்லது.

ப்ரோப் செய்யும் முதல் நல்ல காரியம் சிப்பின் நான்கு அமைப்பு முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அந்த நான்கும் இரண்டு விஷயங்களில் வேறுபடும். சிப்பின் நிலைத்தகவலை 10 மில்லி வினாடிக்கு ஒருமுறை கேட்பதா, 1 மில்லி வினாடிக்கு ஒருமுறை கேட்பதா? தரவுப் பொட்டலம் 16 பைட்டா, 64 பைட்டா? டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் எண் அமைப்பை, அதாவது 1 மில்லி வினாடி, 64 பைட் என்பதை எடுக்கிறது. தேடுதல் வேலை இதனால் வெகுவாக வேகம் பிடிக்கும் என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சிப்போடு பேச நான்கு வாசல்கள் உண்டு. யுஎஸ்பி மொழியில் எண்ட்பாயிண்ட். 0ஆம் வாசலில் கட்டளை போகும். 1ஆவதில் நிலைத்தகவல் வரும். 2ஆவதில் தரவு உள்ளே போகும், 3ஆவதில் தரவு வெளியே வரும். போகும் தரவுக்கும் வரும் தரவுக்கும் சிப்புக்குள் ஆளுக்கு 128 பைட் இடம்.

அடுத்தது மேல்பக்கத்து அறிமுகம். லினக்ஸில் ஒன்-வயருக்கென ஒரு மையப் பகுதி தனியாக இருக்கிறது. சென்சார்களைத் தேடுவது, ஒவ்வொன்றுக்கும் கோப்பகம் உருவாக்குவது, ஒரே கம்பியில் இரண்டு வேலைகள் மோதாமல் பூட்டுப் போடுவது எல்லாம் அதன் வேலை. அந்த மையப் பகுதிக்கு யுஎஸ்பி என்றால் என்னவென்றே தெரியாது. நம் டிரைவர் அதனிடம் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்கிறது: பைட் படிக்க இந்தச் செயற்கூற்றை அழை, எழுத இதை, ரீசெட்டுக்கு இதை, தேடுதலுக்கு இதை. சி மொழியில் இது செயற்கூறுகளின் முகவரிகள் நிறைந்த ஒரு ஸ்ட்ரக்சர், அவ்வளவுதான். பின்னை நேரடியாக ஆட்டும் டிரைவரும் இதே படிவத்தைத்தான் வேறுவிதமாக நிரப்புகிறது. அதனால் வெப்பநிலை சென்சாருக்கான மாட்யூல், அது எந்த வழியாகக் கம்பியை அடைகிறது என்று கவலைப்படாமல் இரண்டிலும் அப்படியே ஓடும்.

டிரைவர் என்றதும் நாம் நினைப்பது கீழ்ப்பக்கத்தை, வன்பொருளை. கெர்னலில் எழுதும்போது மேல்பக்கத்துக்கும் அதே அளவு கவனம் தேவை என்பது இந்தப் படிவத்தைப் பார்த்தால் புரியும்.

‘முடிந்ததா?’ என்று கேட்டுக்கொண்டிருத்தல்

ஒப்படைத்த பிறகு டிரைவருக்கு என்ன வேலை என்று கேட்டோமே, பெரும்பகுதி வேலை காத்திருப்பதுதான். ஒரு பைட்டைப் படிக்கும் வழியைப் பாருங்கள். 0ஆம் வாசலில் கட்டளை அனுப்ப வேண்டும். சிப் சும்மா இருக்கும் நிலைக்குத் திரும்பியதா என்று 1ஆம் வாசலில் கேட்க வேண்டும். திரும்பியிருந்தால் 3ஆம் வாசலில் அந்த ஒரு பைட்டை எடுக்க வேண்டும். கம்பியில் எட்டு பிட்டுக்கு ஆகும் நேரம் அரை மில்லி வினாடிக்குச் சற்று மேல். அதைச் சுற்றிய யுஎஸ்பி சடங்குக்கு அதைவிடப் பல மடங்கு. எனவேதான் தொகுப்பாக எழுதவும் படிக்கவும் தனிச் செயற்கூறுகள் இருக்கின்றன. டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் தன் அளவீட்டை 9 பைட்டாகத் தருகிறது. ஒன்பது தனி யாத்திரைக்குப் பதில் ஒரே யாத்திரை.

எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டே இருப்பது? டிரைவர் 100 முறை கேட்டுப் பார்க்கும். அதற்குள் சிப் ஓயவில்லையென்றால் நிலைத்தகவலைக் கெர்னல் பதிவில் கொட்டிவிட்டுப் பிழை என்று சொல்லிவிடும். இந்த எல்லை இல்லாவிட்டால், கோளாறான ஒரு அடாப்டர் போதும், காத்திருக்கும் கெர்னல் இழையை முடிவில்லாமல் கட்டிப்போட்டுவிடும். கட்டளை வாசல் நிரம்பி வழிந்துவிட்டதாகச் சிப் சொன்னால் நிலைமை இன்னும் மோசம். அதன் பிறகு சிப் எந்தக் கட்டளைக்கும் செவிசாய்க்காது. டிரைவர் அதைக் கவனித்து, சிப்பையே ரீசெட் செய்கிறது.

நிலைத்தகவலோடு சில சமயம் ஹெக்ஸில் ஏ5 என்றொரு பைட் ஒட்டிக்கொண்டு வரும். பிழை என்று பயப்பட வேண்டாம். கம்பியில் புதிதாக ஒரு கருவி சேர்ந்திருக்கிறது என்று சிப் சொல்லும் சேதி அது.

யார் யார் இருக்கிறீர்கள்?

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி தேடுதல். ஒவ்வொரு ஒன்-வயர் கருவிக்கும் தொழிற்சாலையிலேயே பொறித்த 64 பிட் எண் உண்டு. முதல் 8 பிட் குடும்பம் (டிஎஸ்18பி20க்கு ஹெக்ஸில் 28), நடுவில் 48 பிட் வரிசை எண், கடைசி 8 பிட் சிஆர்சி என்னும் சரிபார்ப்பு. கம்பியில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் எண்கள் என்ன என்று மாஸ்டருக்கு முன்கூட்டித் தெரியாது. எல்லோரும் ஒரே கம்பியில். எப்படிக் கண்டுபிடிப்பது?

ரீசெட் செய்து, தேடுதல் கட்டளை கொடுத்ததும் எல்லாக் கருவிகளும் தங்கள் எண்ணின் முதல் பிட்டை ஒரே நேரத்தில் சொல்லும். அடுத்து அதே பிட்டின் எதிர்மறையைச் சொல்லும். 0 சொன்னவர் வெல்லும் கம்பி இது என்று முன்பே பார்த்தோம். எனவே மாஸ்டருக்கு 0, 1 என்று வந்தால் எல்லோருக்கும் அந்த பிட் 0. 1, 0 என்று வந்தால் எல்லோருக்கும் 1. 0, 0 என்று வந்தால் சிலருக்கு 0, சிலருக்கு 1. இங்கே கிளை பிரிகிறது. 1, 1 என்றால் பதில் சொல்ல யாருமில்லை. மூன்றாவதாக மாஸ்டர் ஒரு பிட்டை எழுதும். அதோடு ஒத்துப்போகாதவர்கள் அடுத்த ரீசெட் வரை வாயைத் திறக்க மாட்டார்கள். இப்படி 64 பிட்டும் கடந்தால் ஒரே ஒருவர் மிஞ்சுவார், அவர் எண் கையில் கிடைத்திருக்கும். பிறகு மறுபடி ரீசெட் செய்து, கிளை பிரிந்த இடத்தில் மறுபக்கம் திரும்ப வேண்டும். மோதலைத் தவிர்க்காமல் அதையே தகவலாக்கிக்கொள்ளும் இந்த உத்தியின் அழகை நான் இன்னும் ரசித்துத் தீரவில்லை.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு கருவிக்கு 64 பிட், பிட்டுக்கு மூன்று அசைவு, ஆக 192 அசைவு. கம்பியில் இது சுமார் 13 மில்லி வினாடி. இதையே ஒவ்வொரு அசைவுக்கும் யுஎஸ்பி வழியாகப் போய்வந்து செய்தால், ஒரு யாத்திரைக்கு 3 மில்லி வினாடி என்று வைத்தாலும் அரை வினாடியைத் தாண்டிவிடும். இருபது சென்சார் என்றால் பத்து வினாடிக்கு மேல். மையப் பகுதி இயல்பாகவே 10 வினாடிக்கு ஒருமுறை தேடக்கூடியது. ஒரு தேடல் முடிவதற்குள் அடுத்ததற்கு நேரம் வந்துவிடும்!

நல்லவேளையாக, முழுத் தேடுதலையும் டிஎஸ்2490 தானே செய்யும். டிரைவர் ஒரே கட்டளையைக் கொடுத்துவிட்டு, சேரும் எண்களை அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு எண் 8 பைட், சிப்பில் இருப்பது 128 பைட், ஆகவே 16 எண்களில் இடம் நிறைந்துவிடும். தேடி முடிக்கட்டும் என்று டிரைவர் கைகட்டி நின்றால் 17ஆவது எண்ணுக்கு இடமிருக்காது. அதனால் நிலையைக் கேட்பதும் வந்ததை எடுப்பதுமாகச் சுழல்கிறது. எடுத்த ஒவ்வொரு எண்ணையும் மையப் பகுதிக்குக் கொடுக்கும். சிஆர்சி பொருந்தாத எண்ணை மையப் பகுதி ஏற்காது.

மின்சாரமும் அதே கம்பியில்

டிஎஸ்18பி20 தனி மின் இணைப்பு இல்லாமல், தரவுக் கம்பியிலிருந்தே மின்சாரத்தை உறிஞ்சி வாழக்கூடியது. சாதாரண நேரத்தில் பிரச்சினையில்லை. ஆனால் வெப்பநிலையை அளக்கும்போது அதற்கு 1.5 மில்லி ஆம்பியர் வரை தேவைப்படலாம். 5 வோல்ட், 4.7 கிலோ ஓம் என்றால் கம்பியை முழுக்கக் கிரவுண்டில் போட்டாலும் 1 மில்லி ஆம்பியர் சொச்சம்தான் கிடைக்கும். போதாது. அதனால் அளக்கும் நேரம் முழுக்க, 12 பிட் துல்லியத்தில் 750 மில்லி வினாடி வரை, மின்தடையைத் தாண்டி நேரடியாக வலுவான மின்சாரம் கொடுக்க வேண்டும். அதுவும் ‘அள’ என்ற கட்டளையின் கடைசி பிட் போன கையோடு.

‘கையோடு’ என்றாலே யுஎஸ்பிக்கு ஆகாது என்று இதற்குள் தெரிந்திருக்கும். ஆகவே டிரைவர் முன்கூட்டியே சிப்பிடம் சொல்லி வைக்கிறது: அடுத்த பைட்டை எழுதியதும் இவ்வளவு நேரம் வலுவாக மின்சாரம் கொடு. அந்த நேரத்தைச் சிப் 16 மில்லி வினாடி அலகுகளில்தான் புரிந்துகொள்ளும். 750ஐ 16ஆல் வகுத்தால் 46, மீதி இருக்கிறது. குறைவாகக் கொடுத்தால் அளவீடு கெடும் என்பதால் டிரைவர் எப்போதும் ஒன்று கூட்டிக்கொள்கிறது: 47 அலகு, 752 மில்லி வினாடி. மின்சாரம் போதாமல் சென்சார் நடுவில் அணைந்து எழுந்தால், 85 டிகிரி என்று கம்பீரமாக ஒரு மதிப்பைக் காட்டும். அது மின்சாரம் வந்ததும் அதன் நினைவகத்தில் இருக்கும் தொடக்க மதிப்பு. சிஆர்சிகூடச் சரியாக இருக்கும். கம்பியில் திடீரென்று 85 தென்பட்டால் வெப்பத்தைச் சந்தேகிக்காமல் முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள்.

நினைவகத்தில் ஒரு கண்ணி

யுஎஸ்பி டிரைவர் எழுதக் கற்கிறவர்கள் இந்த டிரைவரின் வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. யுஎஸ்பி கன்ட்ரோலர் தரவைப் பிராசசர் உதவியில்லாமல், டிஎம்ஏ வழியாக, நேரே நினைவகத்தில் எழுதும். அதற்குக் கொடுக்கும் இடம் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். செயற்கூற்றின் உள் மாறிகள் இருக்கும் ஸ்டாக்கை அதற்குக் கொடுக்கக் கூடாது என்பது பழைய விதி. ஆனால் மீறினாலும் வெகுகாலம் வேலை செய்தது, அதனால் பல டிரைவர்கள் மீறின, இதுவும்தான். கெர்னல் 4.9இல் எக்ஸ்86 கணினிகளுக்கு ஸ்டாக்கை வேறு வகை நினைவகத்துக்கு மாற்றினார்கள். உடனே இந்த மாதிரி டிரைவர்கள் வரிசையாகத் தடுக்கி விழுந்தன. 2017இல் இந்த டிரைவரைத் திருத்தினார்கள்: ஒரு பைட்டைப் படிப்பதற்குக்கூட ஸ்டாக்கைப் பயன்படுத்தாமல், தனியாக ஒதுக்கி வைத்த நினைவகம். நிரலில் அந்த ஒற்றை பைட் இடத்தைப் பார்த்து ‘இதற்கு எதற்கு இத்தனை ஏற்பாடு’ என்று தோன்றினால், காரணம் இதுதான்.

எல்லாம் சரியாக அமைந்தால், கருவிகளைக் கோப்புகளாகக் காட்டும் கெர்னலின் சிஸ்எஃப்எஸ் மரத்தில், ஒன்-வயர் கருவிகளின் பகுதியில், 28 என்று தொடங்கும் கோப்பகங்கள் தெரியும். உள்ளே இருக்கும் கோப்பு இரண்டு வரி தரும். முதல் வரியின் முடிவில் சிஆர்சி பொருந்தியதா என்ற பதில், இரண்டாவது வரியின் முடிவில் டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அலகில் வெப்பநிலை. 23125 என்றிருந்தால் 23.125 டிகிரி செல்சியஸ். முதல் வரியைப் பார்க்காமல் இரண்டாவதை எடுக்கும் நிரல்கள் உலவுகின்றன, அவற்றை நம்ப வேண்டாம்.

ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் பாக்கி. ஓடபிள்யூஎஃப்எஸ், டிஜிடெம்ப் போன்ற மென்பொருள்கள் கெர்னல் டிரைவரை நாடாமல், லிப்யுஎஸ்பி என்ற நிரல் நூலகம் வழியாக இதே சிப்போடு தாங்களே பேசும். ஒரு யுஎஸ்பி இன்டர்ஃபேஸை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடித்துக்கொள்ள முடியும். அடாப்டரைச் செருகியதும் கெர்னல் முந்திக்கொள்வதால், அந்த மென்பொருள்கள் அடாப்டரையே காணோம் என்று சொல்லக்கூடும். அவற்றைப் பயன்படுத்துவதாக இருந்தால் டிஎஸ்2490 மாட்யூலை இறக்கிவிட்டு, அடுத்த முறை தானாக ஏறாதபடி மாட்யூல் தடைப்பட்டியலிலும் சேர்த்துவிடுங்கள். கெர்னல் வழியே போதுமென்றால் அந்த மென்பொருள்களை நிறுவவே தேவையில்லை.